குல்மார்க்கா ஔலியா: முதல்முறை பனிச்சறுக்கு கற்கப் போகும் குடும்பத்துக்கு

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் ஐரோப்பா போக பட்ஜெட் இடம் கொடுக்காது என்றால் நம்மூர்க்காரர்கள் கடைசியில் வந்து நிற்பது இரண்டு பெயர்களில்தான். காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி. மணாலிக்கு மேலே சோலாங் இருக்கிறது, சிம்லா பக்கம் நார்கண்டாவும் குஃப்ரியும் இருக்கின்றன. ஆனால் சில நாள் தங்கி, ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, கொஞ்சமாவது சறுக்கத் தெரிந்து வீடு திரும்ப வேண்டும் என்றால் பேச்சு இந்த இரண்டையே சுற்றிச் சுற்றி வரும். நாங்கள் முதலில் குல்மார்க் போனோம், வேறொரு குளிர்காலத்தில் ஔலி போனோம். இப்போது தெரிந்தவர்கள் யார் கேட்டாலும் நான் ஒரு பதிலும் நிறைய கேள்விகளும் சொல்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கற்பவருக்கு எந்த மலை பெரியது என்பது ஒரு பொருட்டே இல்லை. குல்மார்க்கின் கேபிள் காரான கோண்டோலா சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது, ஔலியின் சரிவு 3,050 மீட்டரில் முடிந்துவிடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து நாங்களும் நிறைய நேரம் பேசினோம். ஆனால் கற்கும் நாட்களில் உங்கள் உலகம் அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சரிவுதான், அதற்கு மேலே மலை எவ்வளவு போனாலும் அது வேறு ஆட்களுக்கானது. அதனால் முதலில் பாதையைப் பாருங்கள், அப்புறம் பனி எந்த வாரம் நம்பகமாக இருக்கும் என்று பாருங்கள், அப்புறம் கூட வருகிறவர்களில் சறுக்காதவர்கள் யார் யார் என்று பாருங்கள். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இடம் தானாகவே முடிவாகிவிடும், முதல் பயணத்துக்கு அது பெரும்பாலும் குல்மார்க் என்றுதான் வரும்.

பாதையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சென்னையில் இருந்து போகும் நமக்கு விடுமுறையில் பெரும்பகுதியைத் தின்பது அதுதான். குல்மார்க்குக்கு ஸ்ரீநகர் வரை விமானம், பெரும்பாலும் டெல்லியில் மாறி ஏற வேண்டும். விமான நிலையத்தில் இருந்து குல்மார்க் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டங்மார்க் என்ற ஊர் வரை சமவெளிச் சாலை, அதற்கு மேல் 13 கிலோமீட்டர் பைன் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை. காலை விமானம் பிடித்தால் சாயங்காலத்துக்குள் குல்மார்க்கில் சூடாகக் கஹ்வா குடிக்கலாம். ஆனால் புதுப்பனி விழுந்திருந்தால் டங்மார்க்கிலேயே சாதாரண வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டியோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் மேலே போக முடியும். எனவே ஸ்ரீநகரில் டாக்ஸி பேசும்போதே, குல்மார்க் ஹோட்டல் வாசல் வரையா டங்மார்க் வரையா, பனி இருந்தால் வண்டி மாற்றுவதற்கும் சங்கிலிக்கும் தனியாக எவ்வளவு என்று கேட்டு, அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். டங்மார்க்கில் குளிரில் நின்றுகொண்டு, கையில் பெட்டியும் பக்கத்தில் பிள்ளையுமாக அந்தப் பேரத்தைப் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

ஔலி அப்படி இல்லை. டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்தில் இறங்கினாலும் சரி, ஹரித்வாருக்கு ரயிலில் வந்தாலும் சரி, ரிஷிகேஷைத் தாண்டித்தான் மலை ஏற வேண்டும். ரிஷிகேஷில் இருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலைக் கணக்கில் இந்தத் தூரத்தை நினைக்காதீர்கள், மலைப்பாதையில் இது 9, 10 மணி நேரம். வழியில் மண் சரிந்திருந்தாலோ சாலை வேலை நடந்தாலோ இன்னும் கூடும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் ஓட்டச் சொல்லி எந்த டிரைவரையும் வற்புறுத்தக் கூடாது, குளிர்காலத்தில் அங்கே சீக்கிரமே இருட்டிவிடுகிறது. ஆகவே ருத்ரபிரயாகையிலோ பீபல்கோட்டியிலோ ஓர் இரவு தங்குவது போலத் திட்டமிடுவதுதான் நல்லது. போக ஒரு நாள் கூடுதல், வர ஒரு நாள் கூடுதல். இன்னொன்று, இந்த வழியிலும் ஸ்ரீநகர் என்று ஓர் ஊர் இருக்கிறது, உத்தராகண்டில். ஆன்லைனில் ஹோட்டல் பதிவு செய்யும்போது மாநிலத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜோஷிமட்டுக்கும் 2024-ல் ஜோதிர்மட் என்று அரசு பெயர் மாற்றிவிட்டது, வரைபடத்தில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம்.

ஜோஷிமட்டில் இருந்து ஔலிக்கு ரோப்வேயில் போகலாம் என்று பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் சொல்லும். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம், ஆசியாவின் நீளமான ரோப்வேக்களில் ஒன்று என்று அதைப் பற்றிப் பெருமையாக எழுதுவார்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து, வீடுகளிலும் சாலைகளிலும் விரிசல் விட்டு, குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தபோது அந்த ரோப்வேயையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோதும் அது ஓடவில்லை. நீங்கள் பதிவு செய்வதற்கு முன் இன்றைய நிலவரம் என்ன என்று ஹோட்டலில் கேளுங்கள், ஓடாது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். ரோப்வே இல்லாவிட்டால் ஜீப்தான். மேலே போகும் சாலை குறுகல், பனி உறைந்து கண்ணாடி மாதிரி வழுக்கும் இடங்கள் உண்டு. அந்த ஊர் மக்கள் பட்ட பாட்டைக் கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை. வீடு விரிசல் விட்ட குடும்பங்களுக்குச் சுற்றுலாவும் சேர்த்து நின்றுபோனால் என்ன ஆகும்? ஔலி போகிறவர்கள் ஜோஷிமட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டு, கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தது பனி. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். நம் பள்ளிக்கூடக் காலண்டரும் இமயமலைப் பனியின் காலண்டரும் ஒத்துப்போவதில்லை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது, அப்போது பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நீளும் 40 நாட்களைச் சில்லை கலான் என்கிறார்கள், ஆண்டின் மிகக் கடுமையான குளிர் அப்போதுதான். ஆனால் குளிர் இருப்பதால் மட்டும் பனி வந்துவிடாது. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்தில் இருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்றழுத்த அமைப்புகள் வந்தால்தான் இங்கே பனி விழும். அவை வராவிட்டால் எலும்பை உறைய வைக்கும் குளிரும் காய்ந்த பழுப்புப் புல்லும்தான். 2024 ஜனவரியில் குல்மார்க்கிலேயே அப்படித்தான் ஆனது, மாதக் கடைசி வரை பனியில்லாத மைதானத்தின் படங்கள் நாடெங்கும் வந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனிப் பற்றாக்குறையால் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். குல்மார்க்குக்கே இந்த நிலை.

ஔலிக்கு நிலைமை இன்னும் கடினம். உயரம் குறைவு, மேற்கில் இருந்து வரும் ஈரம் அங்கே போய்ச் சேர்வதற்குள் குறைந்தும் விடுகிறது. 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காகச் செயற்கைப் பனி தயாரிக்கும் கருவிகள் வைத்தார்கள், அதற்குத் தண்ணீர் தர ஒரு செயற்கை ஏரியும் அங்கே உண்டு. ஆனால் அந்தக் கருவிகளை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய சர்வதேசப் போட்டியும் தேசியப் போட்டியும் போதிய பனி இல்லாமல் ரத்தாயின. பந்தய வீரர்களுக்கே சரிவு தயார் செய்ய முடியாத வருடங்கள் இருக்கும்போது, நம் பொங்கல் லீவுக்காக மலை வெள்ளையாகக் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தேதி விஷயத்தில் என் யோசனை இதுதான். பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதாத வருடமாகப் பார்த்து, ஜனவரி கடைசி வாரத்தில் இருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் போங்கள், குடியரசு தின விடுமுறையை ஒட்டிச் சில நாள் லீவு எழுதிக் கொடுங்கள். பொங்கல் விடுமுறையில்தான் முடியும் என்றால் ஔலியை விட்டுவிட்டுக் குல்மார்க்கைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர்தான் முடியும் என்றால் பனியைப் பார்க்கும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள், கற்கும் பயணமாக வேண்டாம். எந்த மாதமானாலும் தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கத் தயங்காதீர்கள். ஸ்ரீநகரில் பனியும் மூடுபனியும் வந்தால் விமானங்கள் ரத்தாவது சாதாரணம், திரும்பும் நாளுக்கும் அலுவலகத்தில் சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் காலியாக விட்டுவைப்பது மனநிம்மதி.

சரி, சறுக்குவதற்கு வருவோம்.

முதல் நாள் காலையில் நீங்கள் செய்யப்போவது சறுக்குவதே இல்லை. கனமான பூட்ஸை மாட்டிக்கொண்டு நடப்பது, ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போவது, பக்கவாட்டில் படி ஏறுவது போல் சரிவில் ஏறுவது, விழுவது, விழுந்த இடத்தில் இருந்து எழுவது. இதில் எழுவதற்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும். இரண்டு ஊர்களும் 2,500 மீட்டருக்கு மேலே இருப்பதால் சென்னையில் தினமும் நடக்கிறவருக்கும் அங்கே சீக்கிரம் களைப்பு வரும், முதல் ராத்திரி லேசாகத் தலை வலிக்கலாம், தண்ணீர் நிறையக் குடித்துச் சீக்கிரம் தூங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் பலகைகளின் முன்நுனிகளை ஒன்றுக்கொன்று பக்கமாக, பின்நுனிகளை அகலமாக வைத்து, ஆங்கில எழுத்து ஏ போல ஆக்கி வேகத்தைக் குறைக்கக் கற்றுத்தருவார்கள். ஸ்னோப்ளவ் என்பார்கள், பிள்ளைகளிடம் பீட்சாத் துண்டு போல வை என்பார்கள். நிற்கத் தெரிந்த பிறகுதான் திரும்பக் கற்றுத்தர வேண்டும். அவசரப்பட்டு லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகிற பயிற்சியாளர் வேண்டாம், நிற்க வரும்வரை கீழேயே வைத்திருக்கிறவர்தான் நல்லவர்.

பூட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்றல் அங்கேதான் கெட்டுப்போகிறது. வாடகைக் கடையில் கூட்டமாக இருக்கும், சைஸ் கேட்டு ஒரு ஜோடியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மகளுக்குக் கொடுத்த பூட்ஸ் பெரிதாக இருந்தது, அவளுக்கோ அது வசதியாகவே தெரிந்தது, காலுக்குச் சுகமாக இருக்கிறது என்றாள். பயிற்சியாளர் அவள் சரிவில் நிற்பதைப் பார்த்த உடனே கழற்றச் சொல்லி, கூடவே கடைக்கு நடந்து வந்து மாற்றிக் கொடுத்தார். முழங்காலை முன்னால் மடக்கினால் குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பக் கூடாது, கணுக்காலுக்கு மேல் முன்பக்கம் எங்கும் இடைவெளியில்லாமல் அழுந்த வேண்டும், நேராக நின்றால் விரல் நுனி லேசாக முன்னே தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். இதுதான் சரியான அளவு. பெரிய பூட்ஸில் காலைத் திருப்பினால் பலகை திரும்பாது, பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்து அழும். பூட்ஸ் மாறிய அரைமணி நேரத்தில் எங்கள் மகள் நிற்கக் கற்றுக்கொண்டாள். சாக்ஸ் ஒன்றே போதும், நீளமான கம்பளி சாக்ஸ். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று போட்டால் மடிப்பு விழுந்து கால் வலிக்கும், ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பலகை கற்பவருக்குத் தாடை உயரம் இருந்தால் போதும். ஹெல்மெட் தராத கடையில் எதுவும் எடுக்காதீர்கள்.

இப்போது இரண்டு ஊர்களின் கற்கும் சரிவுகளையும் பற்றி. குல்மார்க்கில் ஊரின் நடுவே இருக்கும் மைதானத்தின் ஓரங்களிலேயே மென்மையான சரிவுகளும் இழுத்துச் செல்லும் லிஃப்டுகளும் இருக்கின்றன, ஹோட்டலில் இருந்து நடந்தே போகலாம். குறை என்னவென்றால் கூட்டம். சறுக்குவண்டியில் உட்கார்ந்து இழுபட்டுப் போகும் சுற்றுலாப் பயணிகள், புகைப்படத்துக்கு நிற்பவர்கள், நடுவே ஓடும் குழந்தைகள், இவர்களுக்கு இடையில் நிற்கத் தெரியாத ஒருவர் வருவது இரு பக்கத்துக்கும் ஆபத்து. காலை 10 மணிக்கே சரிவுக்கு வந்துவிடுங்கள், ஸ்ரீநகரில் இருந்து ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகக் கற்கலாம். கூட்டம் கூடும்போது சாப்பிடப் போய்விட்டு, மூன்று மணி வாக்கில் அது குறையும்போது மறுபடி வரலாம்.

ஔலியில் எனக்குப் பிடித்தது, கற்பவரும் தெரிந்தவரும் ஒரே மலைமுகத்தில் இருப்பது. நின்று திரும்பத் தெரிந்ததும் அதே சரிவில் இன்னும் கொஞ்சம் மேலே போய் ஆரம்பிக்கலாம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். 800 மீட்டர் நீளமுள்ள சேர்லிஃப்ட் ஓடினால் அதில் ஏறி மேலே போய், பார்த்துப் பழகிய இடத்தின் வழியாகவே இறங்கி வரலாம். குல்மார்க்கில் அந்தப் படிநிலை அவ்வளவு மென்மையாக இல்லை, மைதானத்துச் சரிவுக்கும் கோண்டோலாவின் முதல் கட்டத்தில் இருந்து இறங்கும் பாதைக்கும் நடுவில் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. அந்தத் தாவலுக்குத் தயாராகாதவர்களை நான் கண்ணால் பார்த்தேன், பாதி வழியில் பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எனவே ஏற்கனவே ஓரளவு கற்றவர், வார நாட்களில் போக முடிகிறவர், பனி விழுந்தது உறுதியானபின் கிளம்பும் சுதந்திரம் உள்ளவர், இவர்களுக்கு ஔலி அருமையான இடம். எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி நிற்கும்போது அந்தச் சரிவில் இறங்கி வருவதற்கு ஈடாக நான் அனுபவித்தது குறைவு.

கற்றுத்தர யாரைப் பிடிப்பது? இரண்டு வழி. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 1968-ல் தொடங்கியது. ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, உபகரணம் எல்லாம் சேர்ந்து வரும் இந்த வகைப் பயிற்சிகள் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் போகும் இளைஞர்களுக்கும் மிகச் சிறந்தவை, செலவும் குறைவு. ஆனால் தேதி அவர்களுடையது, இடங்களும் சீக்கிரம் நிரம்பிவிடும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரை நாள் கணக்கில் வைத்துக்கொள்வது வசதி. சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், உபகரண வாடகையும் லிஃப்ட் கட்டணமும் அவர் கூலியில் சேர்ந்ததா தனியா என்று முதலிலேயே பேசுங்கள், முக்கியமாக எல்லா நாட்களுக்கும் ஒரே ஆளாகப் பேசுங்கள். நாளுக்கு ஒருவர் மாறினால் பிள்ளை தினமும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். எங்களுக்கு வாய்த்தவர் டங்மார்க் பக்கத்துக் கிராமத்துக்காரர், இந்தியில் சொன்னது புரியாதபோது கையாலும் காலாலும் செய்து காட்டியே மகளுக்குப் புரியவைத்தார்.

கோண்டோலா சறுக்காதவர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. முதல் கட்டம் குல்மார்க்கில் இருந்து கொங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வாத் மலை மேல் வரை. டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷனின் தளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், சீசனில் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கிடைக்காது. காற்று பலமாக அடித்தாலோ பனி அதிகம் கொட்டினாலோ இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பெரியவர்களைக் கொங்தூரி வரை கூட்டிப் போங்கள், சுமார் 3,050 மீட்டர், வெயிலில் உட்கார்ந்து மேகி சாப்பிடலாம். இதயத் தொந்தரவோ ஆஸ்துமாவோ உள்ளவர்களை இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டாம், சில நிமிடங்களில் ஏறக்குறைய 4,000 மீட்டருக்குப் போய்விடுகிறது, உடம்பு பழக நேரமே இல்லை.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அஃபர்வாத்தில் கோண்டோலாவை ஒட்டிய பகுதியை மட்டும்தான் ரோந்துக் குழு பனிச்சரிவு அபாயம் பார்த்துத் திறந்துவிடுகிறது. அதற்கு வெளியே முழுவதும் காட்டுமலை. 2010 பிப்ரவரியில் குல்மார்க் மலையில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023-ல் போலந்து நாட்டவர் இருவர், 2024-ல் ரஷ்யர் ஒருவர். பனியை நன்கு அறிந்தவர்களுக்கே அப்படி நடந்த இடம். இரண்டு நாள் கற்ற தைரியத்தில் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகலாம் என்று யாராவது அழைத்தால், அழைப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

காஷ்மீர் என்றதும் வீட்டில் இன்னொரு பயமும் வரும், அதை ஒதுக்கிவிட முடியாது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அங்கே பல சுற்றுலா இடங்களை மூடி, பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். பயமில்லை, தாராளமாகப் போங்கள் என்று இன்னொரு குடும்பத்துக்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். கிளம்பும் வாரம் வரை செய்தியைப் பாருங்கள், வீட்டில் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் ஔலியைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. நாங்கள் அங்கே இருந்த நாட்களில் டிரைவரும் ஹோட்டல் பையனும் பயிற்சியாளரும் எங்களைத் தங்கள் வீட்டு விருந்தாளிகள் போலப் பார்த்துக்கொண்டார்கள், அதையும் சொல்லாமல் விட மாட்டேன். செல்போனுக்கு ஒரு குறிப்பு: வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்திருங்கள்.

இனி சறுக்காதவர்கள். ஔலிப் பயணத்துக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள், அந்தப் பயணம் ஔலி என்று முடிவானதே அவர்களால்தான். ஜோஷிமட் நரசிம்மர் கோயிலைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் வழிபடுகிறார்கள். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை மூடியிருக்கும் மாதங்களில் அந்த வழிபாடும் இங்கேதான் தொடர்கிறது. வழியில் தேவபிரயாகையில் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர், ரகுநாதர் கோயில். பாகீரதியும் அலகநந்தாவும் கூடும் இடத்தை அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். “நீங்க மேல போய் விளையாடிட்டு வாங்க, எனக்கு இது போதும்” என்றார். வீட்டில் திவ்ய தேசம் பார்க்க ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால், 9 மணி நேர மலைப்பாதை அவர்களுக்குத் தொந்தரவாகவே தெரியாது, வழியே யாத்திரை ஆகிவிடுகிறது. அவர்கள் ஜோஷிமட்டிலேயே தங்கினார்கள், 1,900 மீட்டர் அளவுதான் உயரம், ஔலியைவிடக் குளிர் குறைவு. நாங்கள் மேலே தங்கினோம். ரோப்வே இல்லாததால் நடுவில் போய்வர ஜீப் செலவு கொஞ்சம் ஆனது, ஆனால் முழங்கால் வலியுள்ள மாமாவைப் பனியில் நடக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டில் சைவக் குடும்பத்துக்கு ஔலி, ஜோஷிமட் பக்கம் சுலபம், ரொட்டி, பருப்பு, ராஜ்மா, சோறு எங்கும் கிடைக்கும். குல்மார்க்கிலும் கிடைக்கும், ஆனால் தனிச் சமையல் வேண்டும் என்கிறவர்கள் பதிவு செய்யும்போதே ஹோட்டலில் பேசிவிடுங்கள். அறை விஷயத்தில் இரண்டு ஊரிலும் ஒரே கேள்வி: அறையைச் சூடாக்குவது எது, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், வெந்நீர் எந்த நேரம் வரும்? விறகடுப்பு புகாரியோ ஜெனரேட்டரோ இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள். புகாரி எரியும் அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும்.

துணிகளைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. ஜீன்ஸும் பருத்தியும் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும், வெளியாடை அங்கே வாடகைக்கே கிடைக்கும். கையுறை மட்டும் நல்லதாகச் சொந்தமாக வாங்குங்கள், நனைந்தால் மாற்ற இரண்டாவது ஜோடியும் வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் மெரினா வெயிலைவிடக் கடுமையாக எரிக்கும், நம் தோலுக்கும்தான். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள், பல பாலிசிகள் சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கின்றன.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பொதுத்தேர்வு என்பதால் இந்தக் குளிர்காலத்திலேயே மறுபடி போக வேண்டும் என்கிறாள், பீட்சாத் துண்டை விட்டுவிட்டு இரண்டு பலகையையும் இணையாக வைத்துத் திரும்பக் கற்க வேண்டுமாம். பிப்ரவரி முதல் வாரம், குல்மார்க் என்று பேசி வைத்திருக்கிறோம். பள்ளியில் லீவு கேட்டாயிற்று, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டின் விலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பணம் கட்டுவது மட்டும் ஜனவரி 20 வாக்கில், மேலே எவ்வளவு பனி நிற்கிறது என்று அதே பயிற்சியாளரிடம் போனில் கேட்ட பிறகுதான்.